மந்திரவாதி மழையில் நனைந்தால் என்ன?

அக்கா மகளுக்கும் எனக்கும் இந்த மாதம் முழுக்கச் சண்டை. ஃபேன்டசி (மந்திரமும் டிராகனும் வரும் கற்பனைக் கதை) எழுதுவதில் பிராண்டன் சாண்டர்சன் பெரியவரா, உர்சுலா லெ குவின் பெரியவரா என்பதுதான் வழக்கு. கோவையில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் என் அலமாரியிலிருந்து லெ குவினின் 'எர்த்ஸீ' நாவல் வரிசையை எடுத்துப் படித்துவிட்டு, "என்ன மாமா இது, இந்த ஆளு மந்திரமே போட மாட்டேங்கறாரு. அப்புறம் எதுக்கு மந்திரவாதின்னு பேரு?" என்று கேட்டாள். பதிலுக்கு அவள் என் தலையில் கட்டியது சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்'. முக்கால்வாசி படித்துவிட்டேன். அதனால் இப்போது பேச எனக்கும் உரிமை உண்டு.

('எர்த்ஸீ' வரிசையின் நான்காம் நூலான 'தெஹானு'வின் முடிவை இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். 1990இல் வந்த புத்தகம்தான், இருந்தாலும் படிக்காதவர்கள் அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.)

முதலில் அவள் கட்சிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 'மிஸ்ட்பார்ன்' 2006இல் வந்தது. வானத்திலிருந்து அடிக்கடி சாம்பல் கொட்டும் ஒரு நாடு, இருட்டினால் மூடுபனி. அங்கே சிலருக்கு உலோகத் துகளை விழுங்கி, அதை உடம்புக்குள் எரித்துச் சக்தி எடுக்கத் தெரியும். தகரம் எரித்தால் கண்ணும் காதும் கூர்மையாகும். பியூட்டர் என்ற உலோகக் கலவையை எரித்தால் உடம்பில் வலு ஏறும். இரும்பு, சுற்றியுள்ள உலோகத்தைத் தன்பக்கம் இழுக்கும், எஃகு தள்ளும். தள்ளுவதிலும் கணக்கு இருக்கிறது. எதிரில் உள்ள பொருள் உன்னைவிட லேசாக இருந்தால் அது பறக்கும். கனமாகவோ, எங்காவது ஊன்றியோ இருந்தால் நீ பறப்பாய். வின் என்ற பெண் ஒரு காசைக் கீழே போட்டு, அதைத் தள்ளி, அந்த உந்தலில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழும்பப் பழகும் அத்தியாயத்தை ராத்திரி ஒரு மணிக்குப் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார், யாரிடம் எந்த உலோகம் மிச்சம், காசு எந்தக் கோணத்தில் வரும் என்பதெல்லாம் நமக்கே தெரிந்துவிடுகிறது. ஆள் மாட்டிக்கொள்ளும்போது அவரோடு சேர்ந்து நாமும் வழி யோசிக்கிறோம்.

இது தற்செயலாக வந்ததில்லை. சாண்டர்சன் இதை ஒரு கொள்கையாகவே 2007இல் எழுதினார். மந்திரத்தால் கதையின் சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது முன்கூட்டியே வாசகருக்குப் புரிந்திருக்க வேண்டும்; எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதை வைத்து அவிழ்க்கலாம். 'சாண்டர்சனின் முதல் விதி' என்று இதற்குப் பெயரே நின்றுவிட்டது. விதி தெளிவாக இருப்பது 'ஹார்ட் மேஜிக்', புதிராகவே விடுவது 'சாஃப்ட் மேஜிக்' என்று ஃபேன்டசி வாசகர்கள் கட்சி பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். சாண்டர்சனே அப்படியொன்றும் பிடிவாதக்காரர் இல்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மாதிரி வியப்புக்காகப் புதிராக விடுவதும் ஒரு வழிதான் என்று அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். பிடிவாதமெல்லாம் அவருடைய ரசிகர்களிடம்தான். அதில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது.

அது என்னை மடக்கிய இடம் ஒன்று உண்டு. "நம்ம இரணியன் கதை என்னவாம் மாமா? பக்கா ஹார்ட் மேஜிக். மனுஷனாலயும் சாவு இல்ல, மிருகத்தாலயும் இல்ல. பகல்லயும் இல்ல, ராத்திரியும் இல்ல. உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. ரூல் எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டு, அந்த ரூல்லயே ஓட்டை கண்டுபிடிச்சு முடிக்கிறாங்க. உங்க கம்பர் சாண்டர்சன் கட்சி."

கெட்டிக்காரி. நானே இதை யோசித்ததில்லை. அன்றைக்கு ராத்திரி யுத்த காண்டத்தை எடுத்து இரணியன் வதைப் படலத்தைத் திரும்பப் படித்தேன். அவள் சொன்ன கணக்கு அங்கே இருக்கிறது. அந்தி நேரம், அரண்மனை வாயில், தொடைமேல் கிடத்தி, நகத்தால் என்று கம்பர் எல்லா ஓட்டைகளையும் ஒரே பாட்டில் அடைத்துவிடுகிறார். ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு முன்னால் அப்பனும் மகனும் எத்தனை பாட்டு வாதாடுகிறார்கள்! 'சாணினும் உளன்' என்று அந்தப் பிள்ளை தொடங்கி, அணுவை நூறாகப் பிளந்த துகளிலும் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே போகிறான். இரணியன் தூணை அறைகிறான். திசைகள் திறந்து அண்டம் கிழியும்படி 'சிரித்தது அச் செங்கண் சீயம்.' உள்ளே இருப்பது முதலில் வெளியே வரவில்லை, சிரிக்கிறது. இந்தச் சிரிப்புக்கு எந்த வரத்திலும் விதி எழுதி வைத்திருக்கவில்லை. கணக்கு கதையை முடித்துவைக்கிறது, சரி. எனக்கு மயிர்க்கூச்செறிவது சிரிப்பில்தான். கம்பரும் எங்கே நின்று நிதானித்திருக்கிறார் என்று பாட்டுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

'மிஸ்ட்பார்ன்' நாவலில் எனக்குக் குறைவது இந்தச் சிரிப்புதான். உலோகம் தீர்ந்துபோகும் பயம் இருக்கிறது, அடுத்து என்ன தந்திரம் என்ற ஆர்வம் இருக்கிறது. ஆனால் மந்திரம் அங்கே ஒரு கருவி. நல்ல மெக்கானிக் கையில் ஸ்பேனர் மாதிரி. ஸ்பேனரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

இனி 'எர்த்ஸீ'. முதல் நூல் 1968. கோன்ட் என்ற மலைத்தீவில் கெட் என்ற பையன். கொல்லர் மகன், நிறம் செம்பழுப்பு. (லெ குவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் அவனை வெள்ளைக்காரப் பையனாக்கினார்கள். அந்த அம்மா வெளிப்படையாகவே கோபப்பட்டு எழுதினார். சரியான கோபம்.) ஒகியன் என்ற பெரிய மந்திரவாதி அவனைச் சீடனாக அழைத்துப் போகிறார். வழியில் மழை. அந்த நாட்டில் சாதாரண வானிலை மந்திரக்காரன்கூட மேகத்தை அப்பால் தள்ளிவிடுவான். ஒகியனோ ஒரு மரத்தடியைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார், மழை பாட்டுக்குப் பெய்கிறது. சொட்டச் சொட்ட நனைந்த புதருக்குள் குந்தியிருக்கும் பையனுக்கு எரிச்சல். பயன்படுத்தக் கூடாத அளவுக்கு அறிவு வந்துவிட்டால் அப்புறம் சக்தி எதற்கு என்று மனசுக்குள் முணுமுணுக்கிறான். ஊரில் இருக்கும் அந்தக் கிழட்டு மழைக்காரனிடம் சீடனாய்ப் போயிருந்தால் நனையாமலாவது தூங்கியிருப்பேனே என்று நினைக்கிறான்.

அக்கா மகள் கேட்டதும் அச்சு அசலாக இதே கேள்விதான். அவளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கெட் சொன்னதுதான் கரெக்ட்" என்றாள்.

ஒகியன் விளக்கம் சொல்வதில்லை. பிற்பாடு ரோக் தீவின் பள்ளியில் வேறொரு ஆசான் சொல்கிறார்: இங்கே நீ மழை வரவழைத்தால் வேறொரு தீவில் வறட்சி வரலாம். விதி என்று பார்த்தால் இதுவும் விதிதான். ஆனால் இதை வைத்து யாரும் சண்டை ஜெயிக்க முடியாது. இது கையைக் கட்டுகிற விதி. கெட் இதைக் காதில் வாங்காமல், சக மாணவன் ஒருவனிடம் வீம்புக்காகச் செத்த அரசி ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்துபோன வாசலை மூடுவதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். மிச்சப் புத்தகம் முழுக்க அந்த நிழல்தான். இவ்வளவு சின்ன புத்தகத்தில், ஒரு பையனின் திமிருக்கு இவ்வளவு பெரிய பில்.

(சாண்டர்சன் பின்னால் எழுதிய இரண்டாம் விதி, சக்தியைவிட அதன் எல்லைகள்தான் சுவாரசியம் என்கிறது. இதில் எனக்கும் அவருக்கும் தகராறே இல்லை.)

எங்கள் சண்டை உண்மையில் சூடு பிடித்தது 'தெஹானு'வில். மூன்றாம் நூல் 1972இல் வந்தது. அதில் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே விழுந்த ஓட்டையை அடைக்கத் தன் சக்தி அத்தனையையும் கெட் செலவழித்துவிடுகிறான். பதினெட்டு வருஷம் கழித்து வந்த நான்காம் நூல் அவனை எங்கே கொண்டுவந்து விடுகிறது? ஆடு மேய்க்க. சக்தி போய்விட்ட வெட்கத்தில், ராஜாவின் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் மலைமேல் ஓடி ஒளிகிறான். கதையைத் தாங்குவது டெனார். இரண்டாம் நூலில் இருட்டுக் கோயிலின் பூசாரியாக இருந்த அதே பெண். இப்போது நடுத்தர வயது, ஒரு விவசாயியின் விதவை. சொந்த ஆட்களே நெருப்பில் தள்ளி, முகம் பாதி வெந்துபோன தெர்ரு என்ற குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். ராத்திரி வீட்டைச் சுற்றி ஆட்கள் வருகிறார்கள். ஒருகாலத்தில் டிராகன்களோடு பேசிய கெட், அன்றைக்கு அவர்களை எதிர்ப்பது வைக்கோல் கிளறும் கவைக்கோலை வைத்து. ஒருவனைக் குத்தவும் செய்கிறான். அதற்குப் பிறகு கை நடுங்குகிறது.

வந்த காலத்திலேயே இந்த நூல் வாசகர்களை இரண்டாகப் பிளந்தது. எங்கள் நாயகனை ஏன் இப்படி ஆக்கினாய், ஃபேன்டசிக்குள் பெண்ணியத்தைத் திணிக்கிறாய் என்று ஒரு பக்கம். அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரும் நெபுலா விருது இன்னொரு பக்கம். எனக்கு இதுதான் வரிசையிலேயே உச்சம். முதல் மூன்று நூல்களிலும் மந்திரப் பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்திகூட இல்லை. ஆண்கள் சக்தி பெறுகிறார்கள், ஆண்கள் துறக்கிறார்கள். அதுவரை யாருடைய அடுப்படியில் யார் சமைத்தார்கள் என்றே அந்தக் கதைகள் கேட்கவில்லை. தான் கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்து, பின்கட்டில் யார் வேலை செய்தது என்று கேட்கும் துணிச்சல் எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும்?

"துணிச்சல் எல்லாம் ஓகே, முடிவு?" என்றாள்.

சரி, முடிவுக்கு வருகிறேன். ஒரு தீய மந்திரவாதி டெனாரையும் கெட்டையும் வசப்படுத்தி மலை விளிம்புக்கு இழுத்துப் போகிறான். தெர்ரு ஓடிப்போய் டிராகனின் மொழியில் கலெஸின் என்ற முதிய டிராகனைக் கூப்பிடுகிறாள். அது வருகிறது. அந்தத் தீயவன் சாம்பல். இரண்டே பக்கம். "இது சீட்டிங் மாமா. இருநூறு பக்கம் கஷ்டத்த பூரா அழகா காட்டிட்டு, கடைசில மேல இருந்து ஆள் இறக்கினா என்ன அர்த்தம்? அந்தக் குழந்தைக்குக் கூப்பிடத் தெரியும்னு யாருக்குத் தெரியும்?"

குறிப்பு தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒருகாலத்தில் மனிதரும் டிராகனும் ஒரே இனம் என்று டெனார் தெர்ருவுக்கு ஒரு கதை சொல்கிறாள், ஒகியனிடம் கேட்ட கதை. எரிந்த குழந்தைக்கு நெருப்பின் இனத்தோடு உறவு என்பதை அங்கேயே போட்டு வைத்திருக்கிறார். இதைச் சொல்லி நான் வாதாடினேன். இருந்தாலும் அந்தக் கடைசி அத்தியாயம் அவசரம்தான். அதில் அவள் கட்சி நியாயமானது. சாண்டர்சன் இந்தக் கதையை எழுதியிருந்தால் மூன்று இடத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பார், நாமும் கைதட்டியிருப்போம். ஆனால் கவைக்கோலைப் பிடித்த கையின் நடுக்கத்தை அவர் எழுதியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஆபீசில் ஒருவர், வளர்ந்த மனுஷன் டிராகன் கதை படிப்பதா என்று கேட்டார். அவர் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்ப்பது கிரிக்கெட் ஃபேன்டசி லீக். விடுங்கள்.

இப்போதைக்கு ஒரு சமரசம். நான் 'மிஸ்ட்பார்ன்' முடித்துவிட்டு, 2010இல் வந்த 'தி வே ஆஃப் கிங்ஸ்' படிக்க வேண்டும். ஆயிரம் பக்கம். தடிப் புத்தகத்தைத் தூக்கி வைத்துப் படிக்கும் மணிக்கட்டு எனக்கு இல்லை, கிண்டிலில்தான். பதிலுக்கு அவள் சூசன்னா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' (2004) படிக்கிறாள். அதுவும் குண்டுப் புத்தகம்தான், ஆகவே பேரம் நியாயமானது. நெப்போலியன் போர்க்காலத்து இங்கிலாந்தில் இரண்டு மந்திரவாதிகள். மந்திரத்துக்கு விதி ஒன்றும் சொல்வதில்லை, பேரம் மட்டும் உண்டு. செத்துப்போன இளம்பெண் ஒருத்தியை எழுப்ப நாரெல் ஒரு தேவதையுலகத்து ஆசாமியிடம் ஒப்பந்தம் போடுகிறார்: பிழைத்த பிறகு அவள் வாழ்க்கையில் பாதி எனக்கு. கடைசிப் பாதியை எடுத்துக்கொள்வான், கிழவியான பிறகுதானே என்று நாரெல் நினைத்துக் கையெழுத்துப் போடாத குறை. அவன் எடுத்துக்கொள்வது ஒவ்வொரு நாளிலும் பாதியை. ராத்திரி தோறும் அவள் அவன் மாளிகையில் ஆடியாக வேண்டும்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு நேற்று போன் செய்தாள். "மாமா, இது இரணியன் வரம் மாதிரியே ஓட்டை வச்ச ஒப்பந்தம். ஹார்ட் மேஜிக்." என் கட்சிப் புத்தகத்தையும் தூக்கித் தன் கட்சியில் சேர்த்துவிட்டாள். அடிக்குறிப்புகளையெல்லாம் தாண்டித் தாண்டித்தான் படிக்கிறாளாம், நூற்றுக்கு மேல் இருக்கிறது, யார் படிப்பது என்கிறாள். அந்தப் புத்தகத்தின் நல்ல கதைகளில் பாதி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று கத்தினேன். கேட்கவில்லை.