கணக்குப் புத்தகம் யாரிடம் இருந்தது, அண்ணன்?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை லண்டனில் இருக்கிற அண்ணனின் அந்தப் பதிவு வந்ததில் இருந்து பதினேழு பேர் அதை எனக்கு அனுப்பிவிட்டார்கள், "அக்கா பாத்தீங்களா?" என்று. பார்த்தேன். லைக் போட்டவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னோடு ஒரே கந்தோரில் இருந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அதுதான் எழுத வைத்தது.

எந்தப் பெக்டரி, என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும். வேலைநிறுத்தம் செய்த பிள்ளைகள் ஐந்து நாளாகப் பெக்டரி வாசலில் வெயிலுக்குள் குந்தி இருந்தார்கள். ஆறாம் நாள் கேற்றில் மூடிவிட்டோம் என்று நோட்டீஸ். அன்று பின்னேரமே லண்டனில் இருந்து அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார்: நொந்து கிடந்த கம்பனியை யூனியன் கொன்றுவிட்டதாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகம் யாரிடம் இருந்தது?

மெஷினில் இருந்தவளிடமா? வங்கிக்கு எவ்வளவு கடன், அதற்கு என்ன வட்டி, கையில் எத்தனை மாதத்துக்கு ஓர்டர் இருக்கிறது, இதில் ஏதாவது ஒன்றை யாராவது அவளுக்குச் சொன்னார்களா? மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட், அது மட்டும்தான் அவளுக்குக் காட்டப்பட்ட கணக்கு. தொட்டும் பார்க்க விடாத புத்தகத்தில் வந்த நட்டத்துக்கு அவளைப் பொறுப்பாக்குகிறீர்கள். அதைக் கையில் வைத்திருந்தவர்கள் மட்டும் உங்களுக்குப் பாவம், முதலீட்டாளர்கள்.

அமெரிக்க உதாரணம் வேறு. "அங்கேயே ஒரு பெரிய கேக் கம்பனியை யூனியன் மூடிவிட்டது." சரி, அந்தக் கதையையும் பார்ப்போம். ஹோஸ்டஸ், ட்விங்கி என்ற கிரீம் கேக் செய்கிற கம்பனி. 2012 நவம்பரில் பேக்கரித் தொழிலாளர் சங்கம் வேலையை நிறுத்தியது, ஒரு வாரத்தில் கம்பனி மூடப் போகிறோம் என்றது, 18,500 பேரின் வேலை போனது. இது உண்மை. ஆனால் அண்ணன் படத்தைக் கடைசிக் காட்சியில் இருந்து பார்த்திருக்கிறார். 2004இலேயே அந்தக் கம்பனி ஒருதரம் வங்குரோத்து. 2009இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கையில், தலைக்கு மேல் கடனோடு வெளியே வந்தது. 2011 ஆகஸ்டில் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்குக் கட்டவேண்டிய காசைக் கட்டாமல் நிறுத்தியது. 2012 தொடக்கத்தில் மறுபடி வங்குரோத்து. அதற்கு முன்னால் தலைமை அதிகாரியின் சம்பளத்தை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திவிட்டார்கள் என்று கடன் கொடுத்தவர்களே குற்றம் சாட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் தொழிலாளரிடம் வந்து, சம்பளத்தில் 8 வீதம் குறைக்கிறோம், ஒத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அந்த 8 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

கம்பனியை மூடி விற்கிற வேலையைச் செய்வதற்கு மேலாளர்களுக்கு 18 லட்சம் டொலர் வரை போனஸ் கொடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. மூடுவதற்குப் போனஸ்! 2013இல் வேறு முதலீட்டாளர்கள் அந்தக் கேக்கையும் பெயரையும் 41 கோடி டொலருக்கு வாங்கினார்கள். அந்த யூலையிலேயே ட்விங்கி கடைக்கு வந்துவிட்டது. 2023இல் இன்னொரு கம்பனி அதைக் கடனோடு சேர்த்து 560 கோடி டொலருக்கு வாங்கியது. யூனியன் கொன்ற பிணத்தின் விலையைப் பாருங்கள்.

லொறிச் சாரதிகளின் சங்கம் அந்தச் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்திருந்தது, பேக்கரிச் சங்கத்தோடு அவர்களுக்குக் கோபம் இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன். ஒளிக்கவில்லை.

நமது பக்கத்துக்கு வாருங்கள். அம்பாறையில் ஹிங்குராணைச் சீனி ஆலை, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு வந்தது, 1960இல் இருந்து ஓடியது. தனியாரிடம் கொடுத்தார்கள். 1997இல் மூடினார்கள். திரும்ப ஓடத் தொடங்கியது 2012இல். பதினைந்து வருடம் கரும்புக் காணிக்காரன் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தான். அவன் என்ன கொடி பிடித்தான்? வாழைச்சேனையில் வைக்கோலில் காகிதம் செய்தோம். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுக் காகிதம் வந்து இறங்கியது, அப்புறம் யுத்தம். அந்த ஆலையைப் பற்றிக் கதைத்தாலும் நமது ஆட்கள் கடைசியில் "யூனியன்காரன்தான்" என்று முடிப்பார்கள். யுத்தத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

இப்போது என் கதை. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் சங்கத்து ஆள் இல்லை. ஒருநாளும் கொடி பிடித்ததில்லை. நான் கணக்குப் பக்கம். கணக்குப் புத்தகம் என்று இவ்வளவு நேரம் கத்துகிறேனே, அதில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இந்த மாவட்டத்தில் ஒரு கார்மென்டில் ஏழு வருடம் கிளார்க். பெயர் சொல்ல மாட்டேன், ஊகித்துக் கொமெண்ட் போடவும் வேண்டாம்.

முதல் நான்கு வருடம் பழைய முதலாளி. சிடுமூஞ்சி, ஆனால் கட்டவேண்டியதைக் கட்டுவார். பிறகு கொழும்பில் இருந்து ஒரு குழு வந்து வாங்கியது. வாங்கிய காசு கடன். கடனுக்கு ஈடு வைத்தது எங்களுடைய கட்டடத்தையும் காணியையும். அதாவது பெக்டரியை வாங்கிய கடனைப் பெக்டரியே கட்டவேண்டும். அது போக ஒவ்வொரு மாதமும் "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரு வவுச்சர். என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று நான் கண்டதில்லை. சம்பளம் பிந்தினாலும் அந்த வவுச்சர் ஒருநாளும் பிந்தவில்லை.

தெரியாதவர்களுக்காக: ஊழியர் சேமலாப நிதி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், இங்கேயும் அதே 8தான், கம்பனி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் யாருக்கு எவ்வளவு என்று எழுதிய சி படிவத்தோடு அனுப்பவேண்டும். அந்தப் படிவத்தை நிரப்புவது என் வேலை. ஒரு மாதம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். "வைங்க மிஸ், அடுத்த மாசம் பாப்பம்." வைத்தேன். என் மேசையின் இடது பக்கத்துக் கீழ் லாச்சியில். அடுத்த மாதமும் அதே பதில். சம்பளத் துண்டில் மட்டும் 8 வீதம் ஒழுங்காக வெட்டுப்பட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது. ஐந்நூறு பிள்ளைகளின் பெயர், பக்கம் பக்கமாக. பதினொராவது மாதத்துப் படிவக் கட்டை வைத்தபோது லாச்சி மூடவில்லை. முழங்காலால் தள்ளி மூடினேன்.

வாகரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கல்யாணத்துக்காக வேலையை விட்டாள். கல்யாணத்துக்கு விட்டால் பெண்கள் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்தக் காசில்தான் வீட்டுக்கு முன் விறாந்தை கட்டுவதாக இருந்தார்கள். நிலுவைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், இஞ்ச என்ட காசு ஒரு வருசம் காணல்லயே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொழும்பில இருந்து பதிஞ்சு வரச் சுணங்கும் புள்ள. போயிற்று அடுத்த மாசம் வா." அதைச் சொல்லும்போது என் முழங்கால் அந்த லாச்சியில் முட்டிக்கொண்டு இருந்தது.

அவள் முட்டாள் இல்லை. நேரே தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேட்டாள், கேட்டதை வந்து பிள்ளைகளிடம் சொன்னாள். சங்கம் பதிய ஏழு பேர் போதும். இங்கே முப்பது பேர் கையெழுத்து வைத்தார்கள். சம்பள உயர்வுகூடக் கேட்கவில்லை, கவனியுங்கள். வெட்டிய காசைக் கட்டு என்றார்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு நான்கு நாளுக்கு முந்தி ஒரு இரவு இரண்டு லொறி வந்து நல்ல மெஷின்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனது. "சேர்விஸ்" என்று வவுச்சர். திரும்பி வரவில்லை. மூடுவது என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள், காரணம் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்தார்கள், காரணம் கிடைத்தது. "தொழிற்சங்க நடவடிக்கைகளினால் ஏற்பட்ட நட்டம் காரணமாக" என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அந்த நோட்டீஸை டைப் அடித்தது நான். "நட்டம்" என்பதா "நஷ்டம்" என்பதா என்று மனேஜரிடம் கேட்டுத் திருத்தினேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை அதே வசனத்தை உங்கள் பதிவில் பார்த்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை அண்ணன். அந்த வசனம் எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும்.

"உன் பெக்டரியும் இந்தப் பெக்டரியும் ஒன்றா? இதன் கணக்கு உனக்குத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? லண்டனில் இருந்து தெரிகிறதா? வாசலில் இருந்த பிள்ளைகளுக்கும் தெரியாது. நான் சொல்வதும் அதைத்தானே. தெரிந்தவர்கள் புத்தகத்தைத் திறந்து காட்டட்டும், பிறகு யார் கொன்றது என்று கதைப்போம்.

"முதலீட்டாளர் தன் காசை அல்லவா ஆபத்தில் போடுகிறார்?" கம்பனி போர்டில் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வரையறுக்கப்பட்டது. எது வரையறுக்கப்பட்டது? அவருடைய நட்டம். போட்டதற்கு மேல் அவர் வீட்டில் ஒரு கதிரையைக்கூடத் தொட முடியாது. விறாந்தை இல்லாத அந்த வீட்டுக்கு எந்தச் சட்டம் வரையறை போட்டிருக்கிறது?

"ஓர்டர் அனுப்பவேண்டிய வாரத்தில் வேலையை நிறுத்தினால் வாங்குபவன் ஓடத்தானே செய்வான்?" இது கொஞ்சம் நியாயமான கேள்விதான். ஓடியிருக்கலாம். வேறு எந்த வாரத்தில் நிறுத்தியிருந்தால் அந்தப் பிள்ளைகளை யாராவது ஏறெடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

"எல்லா யூனியனும் உத்தமமா?" இல்லை. கட்சிக்காரன் சொன்னால் எழும்பி, கட்சிக்காரன் சொன்னால் இருக்கிற சங்கத் தலைவர்களையும் கண்டிருக்கிறேன். அதற்கு இன்னொரு நாள் பதிவு போடுகிறேன். நீங்கள் அதற்கும் லைக் போடுவீர்கள்.

"இப்படியெல்லாம் எழுதினால் மட்டக்களப்புக்கு யார் முதலீடு கொண்டுவருவான்?" இதைக் கேட்டவர் என் சொந்த மச்சான். மச்சான், 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கிற ஒருவர், ஆட்களின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் அவர்களை நினைத்தபடி வேலையில் இருந்து நிறுத்த முடியாது என்று 1971இல் இருந்து சட்டம் இருக்கிறது. கேற்றில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஓடுகிறவனைப் பற்றி ஒரு வரி எழுதினால் முதலீடு ஓடிவிடும் என்றால், ஓடட்டும். சட்டத்துக்குப் பயந்து வராதவன் வராமலே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அண்ணன், நீங்கள் லண்டனில் பஸ் ஓட்டுகிறீர்கள். உங்கள் சம்பளத்தையும் லீவையும் ஓவர்டைமையும் யூனியன்தான் பேசித் தருகிறது. போன முறை நீங்கள் வேலையை நிறுத்தி நின்றபோது கையுறை போட்டு, பதாகை பிடித்து, சிரித்துக்கொண்டு போட்ட படத்துக்கு நானும் ஹார்ட் போட்டேன். குளிருக்குள் நிற்கிறாரே என்று கவலைப்பட்டுக் கொமெண்டும் எழுதினேன். அங்கே நீங்கள் நின்றால் உரிமை. இங்கே செங்கலடி ஊர்ப் பிள்ளை நின்றால் கொலையா?

என்னையும் கேட்கலாம், நீ அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று. யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, இதெல்லாம் காரணம்தான். அந்த லாச்சியின் திறப்பு என் கைப்பையில் இருந்தது என்பதும் உண்மைதான். எல்லாம் முடிந்து சாமான் ஏலம் போனபோது மேசையையும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். படிவங்களை அதற்கு முதலே அள்ளிப் பின்னுக்கு வளவில் போட்டு எரித்துவிட்டார்கள். வாகரைப் பிள்ளை அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. ஒருநாள் கல்லடிப் பாலத்தில் எதிரே சைக்கிளில் வந்தாள், பின்னால் ஒரு குழந்தை. கண்டும் காணாத மாதிரிப் போய்விட்டாள். சரிதான்.

அண்ணனின் பதிவுக்குக் கீழே இருக்கிற இருநூற்றுச் சொச்சம் கொமெண்டையும் வாசித்தேன். அந்தப் பிள்ளைகளின் சேமலாப நிதி கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகவே நான் கேட்டேன். நேற்று அவர்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருக்கிற சம்பளத் துண்டுகளை எல்லாம் கிழிக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், அடையாள அட்டையும். திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தொழில் கந்தோர் வாசலில் நிற்பதாகப் பேச்சு. அதனால் கொமெண்டுக்குப் பதில் எழுதப் பிந்தும். திட்டுகிறவர்கள் திட்டிவையுங்கள், பின்னேரம் வந்து வாசிக்கிறேன்.