17 பொன்னாடை, 4 நிமிடம்

"நேரத்தின் அருமை கருதி சுருக்கமாகப் பேசுங்கள்" என்று அந்த டீச்சரிடம் சொன்னபோது மணி 9.10. அழைப்பிதழில் போட்டிருந்த நேரம் 7.00. அதுவரை நேரத்தைத் தின்று தீர்த்தது நாங்கள், அருமை கருத வேண்டியது அவரா? நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வயிறு எரிகிறது.

நாகர்கோவிலில் வாரம் ஒருநாள் கூடுகிற சேவைச் சங்கம். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். இப்படி ஒரு கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

டீச்சரை அழைத்தது நான். குளச்சல் பக்கம் கடலோரத்தில் சின்னப் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே கழிப்பறைக்குக் கதவு இல்லை. உப்புக்காற்றில் கீல் இற்றுப்போய்க் கதவு விழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாயும் அரித்துப்போயிற்று. பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. "கூட்டத்துக்கு வாங்க டீச்சர், எங்க ஆளுங்க அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிருவாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். அவரும் கொத்தனாரையும் பிளம்பரையும் விசாரித்து, கோடு போட்ட தாளில் கணக்கு எழுதிக்கொண்டு, பஸ் ஏறி 6.45-க்கே வந்துவிட்டார். மொத்தம் 18,500 ரூபாய்.

கூட்டம் தொடங்கியது 7.40-க்கு. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. அப்புறம் மேடைக்கு அழைக்கும் படலம். தலைவரை அழைத்தார்கள். செயலாளர், பொருளாளர், போன வருடத் தலைவர், அதற்கு முந்தைய தலைவர், அதற்கும் முந்தைய தலைவர் என்று ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அறிமுகவுரை. வாரா வாரம் பார்க்கிற முகத்துக்கு எதற்கய்யா அறிமுகம்? அவர் எந்தக் கல்லூரியில் படித்தார், மகன் எந்த நாட்டில் இருக்கிறான், எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

அறிமுகம் முடிந்ததும் பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார். செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார். பொருளாளருக்குத் தலைவர் போர்த்தினார். போர்த்திய கையோடு போட்டோ. "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று போட்டோக்காரர் நிறுத்துவார், ஒருவர் கண்ணை மூடிவிடுவார், மடித்து வைத்த பொன்னாடையை மறுபடி பிரித்துப் போர்த்துவார்கள். நான் உட்கார்ந்து எண்ணினேன். 17. ஒரு பொன்னாடையின் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது, 180 ரூபாய். அதை எழுதுகிறபோதே கை நடுங்குகிறது. அந்தப் பதினேழின் காசுக்கு ஒரு கதவாவது வந்திருக்குமே!

பிறந்தநாள் கொண்டாட்டம், கேக். திருமணநாள் கொண்டாட்டம், இன்னொரு கேக். போன வாரக் கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளர் வாசித்தார். அதில் யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார் என்பதுதான் மூன்று பக்கம். இவ்வளவு நேரமும் டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளை முதலில் இரண்டாக மடித்தார், பிறகு நாலாக, பிறகு எட்டாக. வியர்வையில் மை கலங்கிவிட்டது. மேடையேறியபோது எழுதியதை வாசிக்க முடியாமல் மனதில் இருந்ததைச் சொன்னார். 4 நிமிடம். "பரிசீலிக்கிறோம்" என்றார் தலைவர். உடனே நன்றியுரை. மைக் செட்டுக்கு நன்றி, டீ கொண்டுவந்த பையனுக்கு நன்றி, மின்சாரம் தடைபடாமல் இருந்ததற்கு நன்றி. 11 நிமிடம் அது ஓடியது.

வாரக் கூட்டம் என்கிற வழக்கத்தைத் தொடங்கிய ஆட்கள் இதற்காகவா தொடங்கினார்கள்? 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் ரோட்டரி சங்கம். ஒருவர் அலுவலகம் மாற்றி இன்னொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால் வந்த பெயர் அது. அந்தச் சிகாகோ சங்கம் 1907-இல் கையில் எடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? பொதுக்கழிப்பறை! அன்றைக்கு அவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை. எங்கள் மேடையிலோ டீச்சர் "கழிப்பறை" என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். வாரம் தவறாமல் கூடியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் ரோட்டரி 2016-இல் தளர்த்திவிட்டது, மாதம் இரண்டு கூட்டம் போதும். மிச்ச இரண்டு வாரம் வேலை செய்யலாமே என்று நான் சொன்னால் என்னை விரோதியைப் போலப் பார்க்கிறார்கள்.

எங்களால் முடியாது என்பதில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மரம் விழுந்து ரோடு எல்லாம் அடைபட்டு, கரண்டு இல்லாமல் மாவட்டமே இருட்டில் கிடந்தது. அன்றைக்கு எந்த அழைப்பிதழும் இல்லை, மேடையும் இல்லை. இதே ஆட்கள்தான் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு முன்வரிசையில் முகம் சுளித்தவர் அன்றைக்கு முழங்கால் சேற்றில் நின்றவர். அதனால்தான் இத்தனை கோபம் வருகிறது.

கூட்டம் முடிந்து அண்ணா பஸ் நிலையத்துக்குப் போனோம். கடைசி பஸ் போய்விட்டது. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மடியில் அவருக்குக் கொடுத்த பொன்னாடை, உறை பிரிக்காமல். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சார், இதக் கழிப்பறை வாசல்ல திரையா கட்டிக்கிடட்டுமா? நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். உண்மையாகவே அனுமதி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கதவு திங்கட்கிழமை போய்விடும், அது என் பொறுப்பு. குழாய்க்கு நாலு பேரிடம் தனியாகப் பேசியிருக்கிறேன்.

இன்று காலை வாட்ஸ்அப்பில் செயலாளரின் செய்தி. டீச்சரைப் பற்றியோ கழிப்பறையைப் பற்றியோ ஒரு வரி இல்லை. ஜூலையில் புதிய நிர்வாகிகள் பதவியேற்பு, எல்லோரும் ஒரே நிறத்தில் கோட்டு தைக்க வேண்டும், தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அளவு கொடுங்கள் என்கிறார். சட்டையே முதுகில் ஒட்டிக்கொள்கிற இந்த ஊர்ப் புழுக்கத்தில் கோட்டு எதற்கு? வேட்டி கட்டிக்கொண்டு பதவியேற்றால் பதவி வரமாட்டேன் என்கிறதா? நான் அளவு கொடுக்கப் போவதில்லை.