உஷா உதுப்பின் குரலும் நம் மேடைகளின் கட்டையும்

உஷா உதுப் என்றாலே பட்டுப் புடவை, பெரிய பொட்டு, கை நிறைய வளையல் என்று பேச்சு போய்விடுகிறது. அந்தக் கனத்த குரல் ஐம்பது வருஷத்துக்கு மேல் மேடையில் எப்படி நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மும்பைத் தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். நம்ம ஊர்ப் பொண்ணு அவர்.

1947இல் பம்பாயில், சென்னையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் குரல் சரிவராது என்று பள்ளிப் பாட்டு வகுப்பில் ஒதுக்கிவிட்டார்கள். முறையாகச் சங்கீதம் படித்ததும் இல்லை. 1969இல் சென்னை மவுண்ட் ரோடு ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்து, கல்கத்தா டிரிங்காஸ் உணவகம், டெல்லி ஓபராய் ஹோட்டல் என்று போனார். டெல்லியில் கேட்டவர்கள் மூலம்தான் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ (1971) இந்திப் பட வாய்ப்பு வந்தது. 2024இல் பத்ம பூஷண்.

அவரைக் காப்பாற்றியது அந்தக் கிளப் வருஷங்கள் என்பேன். அன்றைய சினிமாவில் கதாநாயகி குரல் என்றால் மேல்ஸ்தாயிதான். கிளப்பில் பேண்டு பாடகியின் சுருதிக்கு இறங்கி வாசிக்கும். அதனால் அவர் தொண்டையை நெரித்து மேலே ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

தாராவி, செம்பூர் மெல்லிசை மேடைகளில் இன்றைக்கும் நடப்பது இதற்கு நேர்மாறு. கனத்த குரல் உள்ள பெண்ணுக்கும் ஒரிஜினல் சுருதியிலேயே பாட்டைக் கொடுக்கிறார்கள். பல்லவி எப்படியோ தப்பிக்கும். சரணத்தில் மேல் ஷட்ஜம் (மேல் ‘ஸ’) தாண்டும்போது குரல் கீச்சிட்டு உடையும். உடனே ‘ஆம்பளைக் குரல்’ என்று முத்திரை! பெண்கள் பொதுவாக 5, 5½ கட்டையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி ஏறும்). இப்படிப்பட்ட குரலுக்கு 3, 4தான் இயல்பு. பாட்டை மூன்று நாலு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளுக்கு இடையிலான தூரம்) இறக்கினால் போதும்.

கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியதோடு வேலை முடியாது. புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டும். தபேலாவை ஒரு கட்டைக்கு மேல் தளர்த்தினால் தோல் தொளதொளத்து நாதம் செத்துவிடும், வேறு தபேலாதான் வேண்டும். கரோக்கி டிராக்கை மென்பொருளில் நாலு அரைச்சுரம் இறக்கினால் தாள வாத்தியங்களும் சேர்ந்து மந்தமாகிவிடும், அதற்கு லைவ் வாத்தியமே மேல்.

அடுத்தது மைக். உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் கீழ்ச்சுரங்கள் ‘பொம்’மென்று வீங்கி, வார்த்தை புரியாது. இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் பிடிக்கட்டும். மிக்ஸரில் லோ-கட் (அடி ஒலியை வெட்டும் பட்டன்) போட்டு, 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். எக்கோவைக் கூட்டினால் குரலின் கரகரப்பு கரைந்து போகும். அந்தக் கரகரப்புதானே உஷா பாடிய ‘ரம்பா ஹோ’ பாட்டைத் தூக்கி நிறுத்தியது!

பொங்கலுக்கு மேடை போடும் மன்றத்துக்காரர்களே, பாட்டுப் பட்டியல் வாங்கும்போதே பாடகியின் கட்டையையும் எழுதி வாங்கி, குழல்காரருக்கும் தபேலாக்காரருக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.