கார்டு விவரம் எங்கே களவு போனது என்று வங்கிகள் சொல்ல வேண்டும்

கார்டில் மோசடி நடந்துவிட்டது என்று புகார் கொடுக்கப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஓடிபியை யாரிடமாவது சொன்னீர்களா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. தொலைபேசியில் பேசி ஓடிபியைக் கறந்துவிடும் கும்பல்கள் இருக்கின்றன, அவர்களிடம் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் விசாரணையே அந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கார்டு விவரங்கள் லட்சக்கணக்கில் திருடுபோன பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், களவு நடந்த இடம் கார்டுக்குச் சொந்தக்காரரின் பையோ கைப்பேசியோ அல்ல. அவர் நம்பிக் கார்டை நீட்டிய கடையும், பயணச்சீட்டு வாங்கிய இணையதளமும், வங்கிக்காக ஏடிஎம் சேவையை நடத்தித் தந்த நிறுவனமும்தான்.

அடிப்படைப் பலவீனம் அந்த அட்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. பணத்தை எடுக்கத் தேவையான எண், காலாவதி மாதம், சிவிவி எனப்படும் சரிபார்ப்பு எண் ஆகிய மூன்றையும் பெரும்பாலான அட்டைகளின் மேலேயே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பதினாறு இலக்கங்களும்கூடத் தற்செயலாக அமைந்தவை அல்ல. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி என்பதைச் சொல்லிவிடும். கடைசி இலக்கம், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த ஒரு கணக்கின்படி அமைகிறது. எண்ணைத் தட்டச்சு செய்யும்போது நேரும் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக உருவான கணக்கு அது. திருடனைத் தடுப்பது அதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் அட்டைக்குக் காலாவதி மாதம் 60 வாய்ப்புகளில் ஒன்று, மூன்று இலக்க சிவிவி 1000 வாய்ப்புகளில் ஒன்று. எத்தனை முறை தவறாகப் போட்டாலும் தடுக்காத இணையதளங்கள் கிடைத்துவிட்டால், ஒரு கணினி நிரலுக்கு இவை பெரிய எண்களே அல்ல.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் 2016 நவம்பரில் பிரிட்டனின் டெஸ்கோ வங்கியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே 48 மணி நேரத்தில் 22.6 லட்சம் பவுண்டு பறிபோனது. வாடிக்கையாளர் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. செல்லுபடியாகும் டெபிட் கார்டு எண்களைத் திருடர்கள் ஒரு நிரலின் வழியாகவே உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நிதி ஒழுங்காற்று ஆணையத்தின் முடிவு. அந்த வங்கி கார்டு எண்களை வரிசையாகவே வழங்கிவந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. இத்தகைய மோசடி பிரேசிலிலும் அமெரிக்காவிலும் நடப்பதாக விசா நிறுவனம் ஓராண்டுக்கு முன்பே எச்சரித்திருந்தது என்பதும், வங்கி கிரெடிட் கார்டுகளுக்கு மட்டும் தடையைப் போட்டுவிட்டு டெபிட் கார்டுகளை அப்படியே விட்டுவிட்டது என்பதும் விசாரணையில் வெளிவந்தன. 2018 அக்டோபரில் அந்த வங்கிக்கு 1.64 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

கடைகளில் நடக்கும் களவு வேறு வகை. 2013ஆம் ஆண்டு இறுதியில், பண்டிகை வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் போயின. அந்த நிறுவனத்துக்குக் குளிர்சாதனப் பணிகள் செய்துவந்த ஒரு ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைந்தவர்கள், கல்லாவில் இருந்த கணினிகளில் நச்சு நிரலை ஏற்றிவிட்டார்கள். கார்டைத் தேய்த்ததும் அதன் விவரம் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றுவது) செய்யப்படாமல் கணினியின் நினைவகத்தில் ஒரு கணம் இருக்கும். அந்தக் கணத்தில் அதை நகலெடுப்பதுதான் அந்த நிரலின் வேலை. காந்தப் பட்டையில் இருப்பது என்றும் மாறாத தகவல் என்பதால், அதை ஒருமுறை நகலெடுத்தவர் இன்னொரு வெற்று அட்டையில் எழுதிக்கொள்ள முடியும். புதிய அட்டைகளில் பதித்திருக்கும் சிப் அப்படியல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு புதிய குறியீட்டை உருவாக்குகிறது. இந்தியாவில் 2018 இறுதிக்குள் பட்டை அட்டைகளை மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தபோது எத்தனையோ பேர் அலுத்துக்கொண்டார்கள். என் பார்வையில் அது மிக நல்ல முடிவு.

சிப் வந்ததும் திருடர்கள் தொழிலை விட்டுவிடவில்லை, இணையத்துக்கு இடம் மாறினார்கள். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பணம் கட்டும் பக்கத்தில் யாரோ சேர்த்துவிட்ட வெறும் 22 வரி நிரல், பயணிகள் தட்டச்சு செய்த பெயர், எண், காலாவதி தேதி, சிவிவி எல்லாவற்றையும் இன்னொரு முகவரிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தது, பயணச்சீட்டும் முறையாகவே வந்து சேர்ந்தது. அந்தப் பயணி எவ்வளவு எச்சரிக்கையானவராக இருந்திருந்தாலும் கண்டுபிடிக்க வழியே இல்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. சோதனைக்காக இயக்கப்பட்டு, பிறகு அணைக்க மறந்துபோன ஒரு வசதியால் கார்டு விவரங்கள் மறையாக்கமின்றிச் சேமிக்கப்பட்டு வந்ததையும் அந்த விசாரணை கண்டறிந்தது. பரிவர்த்தனை முடிந்தபின் சிவிவியைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு துறையின் பாதுகாப்புத் தரநிலைகளில் எழுதியிருக்கும் விதி. விதி இருந்தும் பயன் இல்லாமல் போனது.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. 2016இல் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே ஏறத்தாழ 6 லட்சம் அட்டைகளை முடக்கிப் புதியவை கொடுத்தது. வங்கிகளுக்காக ஏடிஎம் பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனம், தன் அமைப்புக்குள் நச்சு நிரல் இருந்ததை 2017 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டது. அடுத்து 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மோஸ் கூட்டுறவு வங்கி. ஏடிஎம் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் அமைப்பையே கைப்பற்றிய கும்பல், போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுத்தது. மொத்த இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

திருடிய விவரங்களைத் திருடியவரே பயன்படுத்துவது அரிது. அவை கட்டுக்கட்டாக, சாதாரணத் தேடலில் அகப்படாத இருண்ட இணையச் (டார்க் வெப்) சந்தைகளில் விற்கப்படுகின்றன. 2019 அக்டோபரில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டு விவரங்கள், பெரும்பாலும் இந்திய வங்கிகளுடையவை, அப்படி ஒரு சந்தையில் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் முதலில் மிகச் சிறிய தொகைக்கு ஒரு பரிவர்த்தனை செய்து கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். கணக்கறிக்கையில் தெரியாத பெயரில் இரண்டு ரூபாயோ ஒரு டாலரோ இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். பிறகு எளிதில் பணமாக்கக்கூடிய பரிசு அட்டைகளும் மின்னணுப் பொருட்களும் வாங்கப்படும். இந்தியத் தளங்களில் 2009 முதலே இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பதால், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் இது நிறைய நடந்திருக்கிறது.

என் சித்தப்பாவின் கார்டில் நள்ளிரவில் டாலரில் பணம் போனபோது, வங்கிக் கிளையில் இருந்தவர் அதே ஓடிபி கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஓடிபியே வராத பரிவர்த்தனைக்கு யாரிடம் எதைச் சொல்லியிருக்க முடியும்? நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த மனிதர், ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போலத் தலைகுனிந்து நின்றார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய் வைத்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பே கிடையாது என்கிறது அந்தச் சுற்றறிக்கை. புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றும் சொல்கிறது. இவ்வளவு தெளிவான விதியைக் கிளைகளின் சுவரில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஓடிபியைப் பகிராதீர்கள் என்ற சுவரொட்டி மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் முதல் இணைய வணிகர்கள் நம் கார்டு எண்ணைச் சேமிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு டோக்கன்தான் அவர்களிடம் இருக்கும், அது களவு போனாலும் வேறு கடையில் செல்லாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் இணையப் பரிவர்த்தனையையும் நாமே வங்கிச் செயலியில் அணைத்துவைக்கவும் முடிகிறது. வெளிநாட்டில் செலவு செய்யாதவர்கள் அதை அணைத்தே வைக்கலாம். பணம் போனது தெரிந்தால் உடனே வங்கியில் கார்டை முடக்கச் சொல்லிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிய வேண்டும். வங்கியில் பதிந்த புகாரின் எண்ணையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது முக்கியம்.

ஆனால் ஒன்று இன்னும் நடக்கவில்லை. "பாதுகாப்புக் காரணங்களுக்காக உங்கள் கார்டு மாற்றப்படுகிறது" என்று வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது. எந்தக் கடையில், எந்தத் தளத்தில், எந்த இடைநிலை நிறுவனத்தில் விவரம் கசிந்தது என்று அதில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. மோசடிக்குள்ளான பல கார்டுகளும் முன்பு ஒரே இடத்தில் பயன்பட்டிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துக் கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பது கார்டு நிறுவனங்கள் நெடுநாளாகச் செய்துவரும் வேலைதான். அப்படிக் கண்டறிந்ததைப் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். விவரத்தைக் கசியவிட்ட நிறுவனத்தின் பெயரும், கசிந்த தேதியும், கசிந்தவை எவை என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.