கத்திரி வெயிலுக்கு நாய்க்கு மொட்டை அடிக்கலாமா?

“கத்திரி வெயிலுக்கு முன் பொமரேனியன், லேப்ரடாருக்கு மொட்டை அடித்தால் சூடு தணியும்” என்று கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

இவற்றுக்கு இரட்டை ரோமம்: வெளியே மேல்முடி, அடியில் பஞ்சுமுடி. மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. நாய் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். மழிப்பதால் சூடு வெளியேறுவது அதிகமாகிவிடாது. பொமரேனியனுக்கு மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி வளராமலே போவதும் உண்டு, அழகுக்கு ஆசைப்பட்டவர்கள் கவனிக்க.

தேவை சீப்புதான். வாரம் 3 முறை, முடியைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து வரிவரியாகச் சீவி உதிர்ந்த பஞ்சுமுடியை எடுங்கள். காதுக்குப் பின்னும் அக்குளிலும் சடை விழும். அதைப் பிரிக்காமல் குளிப்பாட்டினால் இறுகி, உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். லேப்ரடாரை ஆற்றில் நீந்தவிட்டால் அடிமுடிவரை துவட்டுங்கள்.

நடை காலை 6 மணிக்குள். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை 5 நொடி வைக்க முடியாவிட்டால் வெளியே கூட்டிப்போகாதீர்கள்.