பிரேசருக்கு வந்த கடிதங்கள்

ஆங்கில மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஜேம்ஸ் பிரேசர் பெயரை எடுத்தாலே, கேம்பிரிட்ஜை விட்டு நகராமல் உலகத்துச் சடங்குகளையெல்லாம் எழுதியவர் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அது முழுப் பொய்யில்லை. ஆனால் அவருக்கு வந்துபோன கடிதங்களையும், அவர் நூல்களுக்கு அந்தக் காலத்திலேயே வந்த மதிப்புரைகளையும் பார்க்காமல் அவரை எடைபோடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

மந்திரம், சமயம், சடங்குகள் பற்றி அவர் எழுதி 1890இல் இரண்டு தொகுதிகளாக வந்த 'கோல்டன் பவ்', 1915க்குள் பன்னிரண்டு தொகுதிகளாக வளர்ந்தது. தனி ஒருவரின் நூலறிவு மட்டும் இதைச் செய்யவில்லை. பிரேசர் கேள்விப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு மிஷனரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பினார். உகாண்டா பற்றி ஜான் ராஸ்கோ எழுதினார். மத்திய ஆஸ்திரேலியாவைப் பற்றிய செய்தி பால்ட்வின் ஸ்பென்சரிடமிருந்து வந்தது. நம் நீலகிரித் தோடர்களின் பால்மனைப் (கோயிலாகவும் கருதப்படும் பால் கொட்டில்) பூசாரிக்கு இருந்த விலக்குகளைப் பற்றியும் பிரேசர் எழுதியிருக்கிறார். அவர் நீலகிரிக்கு வந்ததே இல்லை. அங்கே தங்கி ஆராய்ந்தவர் மானுடவியலாளர் ரிவர்ஸ்.

ஸ்பென்சரின் கடிதங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பவை. அவர் மெல்பர்னில் உயிரியல் பேராசிரியர். கூட்டாளி கில்லன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அஞ்சல் தந்தி நிலையத்தின் தலைவர். 1896–97இல் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அரெர்ண்டே மக்களின் எங்வுரா என்ற தீட்சைச் சடங்கை இருவரும் நேரில் பார்த்துப் பதிவு செய்தார்கள். 1899இல் வந்த அவர்களுடைய நூலுக்கு மெய்ப்புப் பார்த்தவர் பிரேசர். குலக்குறி (ஒரு குலம் தன் அடையாளமாகக் கொள்ளும் விலங்கு அல்லது செடி) பற்றித் தான் சொன்னதை அந்தச் செய்திகளை வைத்து மாற்றிக்கொண்டார், 1905இல் மறுபடியும் மாற்றினார். தன்னுடைய கோட்பாடுகள் காலாவதியாகும், உங்கள் நேரடிப் பதிவுகள் காலாவதியாகாது என்று ஸ்பென்சருக்கே எழுதியவர் அவர். இந்தப் பணிவை அவருடைய எதிராளிகள் யாரும் சொல்வதில்லை.

சரி, இதே கடிதப் போக்குவரத்துதான் ஒரு அநியாயத்தையும் செய்தது. கார்ல் ஸ்ட்ரெலோ 1894 முதல் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனில் அதே மக்களோடு வாழ்ந்தவர். அவர்களுடைய மொழியை நன்றாகக் கற்றவர். ஸ்பென்சருக்கு அந்தத் தேர்ச்சி கிடையாது. ஆனாலும் மிஷனில் வளர்ந்தவர்கள் சொல்வதை நம்ப முடியாது என்று ஸ்பென்சர் எழுத, பிரேசர் ஏற்றுக்கொண்டார். 1910இல் குலக்குறி பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டபோது ஸ்ட்ரெலோவின் சான்றுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். நூலில் அது ஒரு சின்னக் குறிப்பு. அதற்குப் பின்னால் இருக்கும் நட்பும் விசுவாசமும் கடிதங்களில்தான் தெரிகின்றன. நேரில் போய்ப் பார்க்காதவர், யார் சாட்சி யார் சாட்சியில்லை என்று நண்பரின் வார்த்தையை வைத்து முடிவு செய்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதிப்புரைகளும் நாம் நினைப்பதற்கு மாறான கதையைச் சொல்கின்றன. பிரேசரை அப்போது எல்லோரும் கொண்டாடினார்கள் என்ற நினைப்பு தவறு. 1900இல் வந்த 'கோல்டன் பவ்' இரண்டாம் பதிப்பை நாட்டார் கதை ஆய்வாளர் ஆண்ட்ரூ லாங் கடுமையாகத் தாக்கினார். இயேசுவின் சிலுவை மரணத்தைப் ஒருவரைச் சில நாள் அரசராக நடிக்கவைத்துப் பிறகு கொல்லும் பழைய போலி அரசர் சடங்கோடு இணைத்த பகுதிக்கு நிறைய எதிர்ப்பு. மூன்றாம் பதிப்பில் அது பின்னிணைப்புக்குப் போய்விட்டது.

பிரேசரின் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்பென்சர் எழுதிய கடிதங்கள் 1932லேயே அச்சானவை. இதிலெல்லாம் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, அரெர்ண்டே பெரியவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே வருவதுதான். ஸ்பென்சர், கில்லனின் 1901–02 பயணத்தில் உடன்போன மொழிபெயர்ப்பாளரும் கலைஞருமான எர்லிகிலிகாவைப் போல ஒருசிலர் பெயரே நமக்குக் கிடைக்கிறது. இந்தக் கடிதங்களை இணையத்தில் ஏற்றுபவர்கள் முதலில் அரெர்ண்டே சமூகத்திடம் போக வேண்டும். தீட்சை பெறாதவர் பார்க்கவே கூடாத சடங்குகள் அவற்றில் இருக்கின்றன. எதைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், கேம்பிரிட்ஜ் அல்ல.