செத்துப்போன குழந்தைக்குக் கல்யாணம் செய்துவைத்த நாத்தனார்

"டூப்ளிகேட் இருந்தது, ஒன்றாக்கிவிட்டேன்" என்று நாத்தனாரிடமிருந்து ஒரு மெசேஜ். பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வேறு. கையில் இருந்த காபி ஆறிவிட்டது, நான்தான் இன்னும் ஆறவில்லை. கம்ப்யூட்டரில் வம்சாவளியைப் பதியும் குடும்ப மரத்தை நாலு பேர் திருத்தலாம் என்று திறந்துவைத்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சலைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் குடும்பம் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். 1870களில் இன்றைய உக்ரைனில் உள்ள மொலோச்னாவிலிருந்து கப்பலேறி, கனடாவின் மானிடோபா மாகாணத்துக்கு வந்தவர்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒரு வம்சப் புத்தகம் உண்டு. 'இ' எது, 'என்' எது என்று பெற்ற தாய்க்கே தெரியாத கையெழுத்து. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை யார் தலையில்? "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று மாமியார் என் தலையில் கட்டினார்.

இந்த வம்சத்தில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். பீட்டர், யாக்கோப், ஹைன்ரிச், மரியா, காத்தரினா, மறுபடியும் பீட்டர். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறப்பதற்கும் அதே பெயரை வைப்பது அந்தக் கால வழக்கம். ஆகவே ஒரே அப்பா அம்மாவுக்கு இரண்டு காத்தரினா. மூத்தவள் இரண்டு வயதில் போய்விட்டாள். இளையவள் அதற்கு அடுத்த வருடம் பிறந்தாள். கலிபோர்னியா மென்னோனைட் வரலாற்றுச் சங்கத்தின் 'கிராண்ட்மா' என்ற வம்சாவளித் தரவுத்தளத்திலும் ஆளுக்கு ஒரு தனி எண் இருக்கிறது. இரண்டு எண்ணையும் போட்டு, "வேறு வேறு ஆட்கள், தயவுசெய்து சேர்க்காதீர்கள்" என்று குறிப்பும் எழுதிவைத்திருந்தேன்.

நாத்தனார் இதை எப்படிச் செய்திருப்பார் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம்" என்று மென்பொருள் சொல்கிறது. திறக்கிறார். இடப்பக்கம் ஒரு காத்தரினா, வலப்பக்கம் ஒரு காத்தரினா. அப்பா பெயர் ஒன்று. அம்மா பெயர் ஒன்று. ஊரும் ஒன்று. ஆஹா! பிறந்த தேதி மட்டும் இடிக்கிறது. அதனால் என்ன, ரஷ்யாவின் பழைய ஜூலியன் காலண்டர் குழப்பமாக இருக்கும் என்று முடிவுக்கு வருகிறார். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காலண்டர் 12 நாள் பின்னால் ஓடியது, தாயே. மூன்று வருடம் இல்லை. சரி, போகட்டும். இடப்பக்கத்துக்காரி செத்துவிட்டாள், வலப்பக்கத்துக்காரி மானிடோபாவில் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. குறுக்கே என் குறிப்பு வந்து நிற்கிறது. அதை மூடுகிறார். 'சேர்'.

இப்போது எங்கள் பதிவின்படி காத்தரினா இரண்டு வயதில் இறந்து, அடக்கமாகி, அப்புறம் பிறந்து, கப்பலேறி, கல்யாணம் செய்து, பதினொரு பிள்ளை பெற்று, மறுபடி இறந்திருக்கிறாள். பைபிளில் செத்துப்போன லாசருவை எழுப்ப இயேசுவே நேரில் வர வேண்டியிருந்தது. இங்கே ஒரு மவுஸ் போதும். சேர்க்கத்தான் ஒரு பொத்தான், பிரிப்பதற்கு ஒன்றும் கிடையாது. பதினொரு பிள்ளைகளையும் நாற்றுப் பிடுங்கி நடுவதுபோல ஒவ்வொருவராக எடுத்து நட வேண்டும்.

அந்த மூத்தவளை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பது மென்னோனைட் கொள்கை. இவர்களின் முன்னோடிகள் 16ஆம் நூற்றாண்டில் இதற்காக உயிரையே விட்டார்கள். ஆகவே ஞானஸ்நானப் பதிவில் அவள் இல்லை. புத்தகத்தில் ஒற்றை வரியாக இருந்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுகிறோம் பேர்வழி என்று அந்த வரியையும் தின்றாயிற்று.

பேக்கப் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, வம்சாவளி மென்பொருள்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் கெட்காம் கோப்பாக. அது ஆன்செல் என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. திறந்தால், ட்யூக் என்ற பெயரில் 'யு' தலையில் இருக்க வேண்டிய இரட்டைப் புள்ளி காணாமல் போய், அதற்கு முன்னால் தலையில் கோடு போட்ட ஒரு 'இ' வந்து நிற்கிறது. ஏற்கெனவே அந்தப் பெயரை டைக், டிக், ட்யூக் என்று கிளைக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இனி உச்சரிக்கவே முடியாத நான்காவது கிளை.

போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஓ, அப்படியா? மரியாகூட இரண்டு பேர் இருந்தார்களே, நேற்று அதையும்..." என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவரும் கூடச் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

அதெல்லாம் இருக்கட்டும். போன பனிக்காலத்தில் கார் எஞ்சினுக்குச் சூடேற்ற என் எக்ஸ்டென்ஷன் ஒயரை வாங்கிப்போனாரே, அது எங்கே? வின்னிபெக்கில் மைனஸ் முப்பதில் அது இல்லாமல் கார் எப்படிக் கிளம்பும்? ஆரஞ்சு ஒயர். பிளக்கில் மார்க்கரால் என் பெயரே எழுதியிருக்கிறது.